இடது கண்ணுக்கு ஒரு துப்பாக்கி

ஜூலை 6, ஞாயிறு

டைரி எழுதறதெல்லாம் என்ற சோலியே இல்லை. மக சுவாதி ஓசூர்ல உக்காந்துட்டு போன்ல உத்தரவு போடறா. கத்தணும்னு தோணுனா கத்தாம எழுதணுமாம். அப்பத்தான் பிபி ஏறாதாம். மரக்கடைக்காரர் வருசப் பொறப்புக்குக் குடுத்த டைரி அரை வருசமா சும்மா கெடந்துச்சு. சரி, எழுதித் தொலைக்கறேன்.

இன்னைக்குக் கத்தறதுக்கு ஒண்ணும் நடக்கலை. என்ற வீட்டுக்காரி சாந்தாமணி பீரோவைத் தெறந்து துப்பாக்கிப் பெட்டியை எறக்குனா. ஏப்ரல்ல கண்ணு ஆப்பரேசன் ஆனதுக்கு அப்பறம் இன்னைக்குத்தான் தொட்டிருக்கறா. கட்டில் மேல வெச்சு மூடியைத் தெறந்தா, பாத்தா, மூடுனா, திரும்ப மேல ஏத்திட்டா. பொறகு போயி வெங்காயம் உரிச்சா.

போஸ்ட் ஆபீஸ் கவுண்ட்டர்ல உக்கார்றவளுக்குத் துப்பாக்கி எதுக்குன்னு ஊரெல்லாம் கேக்கும். பன்னெண்டு வருசம் முன்னாடி சுவாதியை ரைபிள் கிளப்புல சேத்தோம். கூட்டிட்டுப் போறதுக்கு இவ போனா. மூணாவது மாசம் மக நின்னுட்டா, அம்மா நிக்கலை. பாயிண்ட் டூ டூ ரைபிள், காயிதத்துல இருக்கற கருப்பு வட்டத்தைச் சுடறது. ஒரு குருவியைக்கூட அவ சுட்டதில்லை. வீட்டுல பல்லியை வெரட்டறதே நாந்தான்.

வலது கண்ணு நடுவுல ஓட்டை விழுந்திருச்சு. ஆப்பரேசன்ல ஓட்டை அடைஞ்சுது, பார்வை திரும்பலை. ஆள் எதுக்க நின்னா கையுங்காலும் தெரியுதாம், மூஞ்சி இருக்கற எடத்துல பொகையாட்டம் இருக்குதாம். இடது கண்ணையும் அக்டோபர்ல வந்து காட்டச் சொன்னாரு டாக்டர். சில பேருக்கு அதுலயும் வருமாம். டாக்டருங்க அப்படித்தான் சொல்லுவாங்க. பெருசா ஒண்ணுமில்லை.

ஜூலை 9, புதன்

மரப்பட்டறையில மோட்டார் பெல்ட் அறுந்துபோச்சு. நாள் பூரா வீண்.

ஜூலை 13, ஞாயிறு

கிளப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். இடது கண்ணுல பாக்கணும்னா துப்பாக்கியை இடது தோளுக்கு மாத்தணும், இடது கையில டிரிகர் இழுக்கணும். முயற்சி பண்ணுனா. பாவம், புதுச் செருப்புல நடக்கற மாதிரி அவளுக்கு எதுவுமே பொருந்தலை. அம்பது மீட்டர்ல காயிதம் பூரா அங்கொண்ணும் இங்கொண்ணும். பன்னெண்டு வருசமா வலது தோளும் வலது வெரலும் பழகுனதை ஒரு காலையில மாத்த முடியுமா?

ரேஞ்சைப் பாத்துக்கறவர் தேவசகாயம் சார், பள்ளிக்கூடத்துல டிரில் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். கண்டிப்பான ஆளு. அவரே மெதுவா, விட்டுருங்கம்மா, வந்து உக்காந்து வேடிக்கை பாருங்கன்னாரு. நல்ல எண்ணத்துலதான் சொன்னாரு. எனக்குச் சுருக்குன்னு வந்துச்சு. கத்தலை. இங்க எழுதறேன்: வேடிக்கை பாக்க அவ என்ன சர்க்கஸுக்கா வந்தா?

திரும்பி வர்றப்ப பஸ் ஸ்டாண்டுல, அந்தா வர்ற பஸ் எத்தனாம் நம்பர்னு கேட்டேன். சொன்னா. சரியாத்தான் இருந்துச்சு. அடுத்ததையும் கேட்டேன். அவ என்னையத் திரும்பிப் பாத்துட்டு, நமக்கு வேண்டிய பஸ் போயிருச்சுங்கன்னா.

ஜூலை 15, செவ்வாய்

வலது கண்ணுல மரத்தூள் விழுந்திருச்சு. துணியைக் கட்டிட்டு வேலை பாத்தேன். டிரில்லிங் மிசின்ல இடிச்சுக்கிட்டேன், டீ ஊத்துனா டம்ளருக்கு வெளியில போகுது. ஒத்தக் கண்ணுல தூரம் தெரிய மாட்டேங்குது.

ஆனா ஒண்ணு நடந்துச்சு. பலகை நேரா இருக்குதான்னு கண்ணுக்கிட்டத் தூக்கிப் பாக்கறது எங்க வழக்கம். வழக்கப்படி வலது கண்ணுக்குத் தூக்குனேன், துணி. உடனே பலகையை இடது கண்ணுக்கு நகத்திப் பாத்தேன். அப்பறந்தான் உறைச்சுது. பலகையைத்தானே நகத்துனேன், தோளையா நகத்துனேன்? துப்பாக்கி அவ வலது தோள்லயே இருக்கட்டும். ஸ்கோப்பை மட்டும் இடது கண்ணுக்கு நேரா தள்ளி வெச்சா என்ன?

ராத்திரி சோறு போடறப்ப, தூசு எடுத்தாச்சான்னு கேட்டா. இன்னும் உறுத்துதுன்னேன். வெளிச்சத்துல நிக்க வெச்சு இமையை வெரிச்சுப் பாத்தா. உள்ள ஒண்ணுமே இல்லையேன்னா. அப்பக் கரைஞ்சிருக்கும்னேன். மரத்தூள் கரையுமான்னு அவ கேக்கலை. ரெண்டாவது தடவை ரசம் ஊத்துனா.

ஜூலை 19, சனி

உக்கடத்துக்குப் போயி உபைதுல்லா பாயைப் பாத்தோம். துப்பாக்கி ரிப்பேருக்கு லைசென்ஸ் வாங்கியிருக்கறவர். சுடற பாகம் எதையும் நான் தொடக்கூடாது, அது அவரோட வேலை. தோள்ல ஊனுற மரக்கட்டையும், ஸ்கோப்பைத் தூக்கி நிறுத்தற தாங்கியும் நான் பண்ணலாம்னாரு. பண்ணிக் கொண்டாங்க, நான் பாத்து மாட்டித் தர்றேன்னாரு.

அப்பறம் சாந்தாமணி அவர்கிட்ட ஒண்ணு கேட்டா பாருங்க, எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இருநூறு மீட்டருக்குத் தோதா பண்ணலாமுங்களாண்ணான்னு. ஆயுத பூசை முடிஞ்சு வர்ற ஞாயித்துக்கெழமை கிளப்புல வருசா வருசம் இருநூறு மீட்டர் போட்டி நடக்கும், மலையடிவாரத்துல ஒரு பழைய கல்லுக்குழியில. பாயிண்ட் டூ டூவுக்கு அம்பது மீட்டர்தான் அளவு. இருநூறுங்கறது அதுக்கு அசலூரு.

அம்பதே போதாதான்னு பஸ்ல கேட்டேன். டிக்கெட்டை மடிச்சுப் பர்ஸ்ல வெச்சா. அப்பறம் சொன்னா:

"வலது கண்ணு கெட்டதை முதல்ல சொன்னது டாக்டர் இல்லீங்க. குண்டு. ஆறு மாசம் முன்னாடியே சிதற ஆரம்பிச்சுது. நான்தான் கையைத் திட்டிட்டு இருந்தேன். இடது கண்ணு எப்படி இருக்குதுன்னு இருநூறு மீட்டர்ல குண்டு சொல்லிரும். அக்டோபர்ல டாக்டரோட மிசின் பொட்டியில நான் மூஞ்சியை வெக்கறதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும்."

நான் கண்டக்டர்கிட்டச் சில்லறை கேட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

நோம்பி நாளும் அதுவுமா பட்டறையில பாயை விரிச்சு இவளைக் குப்புறப் படுக்க வெச்சாச்சு. கன்னம் வைக்கற கட்டை சரியா உக்காரணும். அது ஒரு நூல் ஒசந்தாலும் கண்ணு ஸ்கோப்புக்கு நேரா வராது, கழுத்து நோவும். எங்க தொழில்ல ரெண்டு கட்டை ஒண்ணோட ஒண்ணு பொருந்துதான்னு பாக்க நீல மசியைத் தடவி அழுத்துவோம். எங்க ஒட்டுதோ அங்க மேடு, அதைச் செதுக்கணும். அதையே இவ கன்னத்துல தடவுனேன். படுத்தா, எந்திரிச்சா, செதுக்குனேன். படுத்தா, எந்திரிச்சா. சாயங்காலம் வரைக்கும் இதே பாடு.

பழந்தேக்குதான். வார்ப்படத்துக்குப் பண்ற மர அச்சு, அந்தப் பேட்டர்ன் ஒண்ணுக்கு வாங்குனதுல மிச்சம். அவ கன்னத்துல எலும்பு இருக்கற எடத்துக்குக் கீழ ஒரு சின்னக் குழி இருக்குது. இருபத்தியேழு வருசத்துல நான் அதைக் கவனிச்சதே இல்லை. அந்தக் குழிக்குத் தகுந்தாப்பல மேடு விட்டேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

நீல மசி போகலை. மண்ணெண்ணெய், தேங்காய் எண்ணெய், கடலை மாவு எல்லாம் ஆச்சு. நீலக் கன்னத்தோட போஸ்ட் ஆபீஸ் போயிருக்கறா. யாரு என்னன்னு கேட்டாலும் வீட்டுக்காரருன்னு மட்டும் சொன்னாளாம். இனி அந்தப் பக்கம் நான் எப்படித் தலை காட்டறது?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

தாங்கி ரெடி. அலுமினியத்துல பண்ணுனேன், நாலாவது தடவைதான் சரியா வந்துச்சு. பாய் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, பொருந்தியிருக்குதுன்னு மாட்டிக் குடுத்தாரு. அவருகிட்ட இருந்து அந்த ஒரு வார்த்தை வர்றதே பெருசு.

பாக்கறதுக்குத் துப்பாக்கி கோணலா இருக்குது. குழல் ஒரு பக்கம், ஸ்கோப்பு அதுல இருந்து எறங்கி இடது பக்கம் எட்டிப் பாக்குது. கிளப்புல ஒருத்தர், இது என்னங்க மாடு கொம்பைச் சாய்ச்சாப்பலன்னாரு. சாந்தாமணி படுத்தா. வலது தோள், வலது வெரல், இடது கண்ணு. அம்பது மீட்டர்ல அஞ்சு குண்டு. காயிதத்தைக் கொண்டாந்து காட்டுனா. அஞ்சும் ஒரு அஞ்சு ரூவாக் காசுக்கு அடியில மறைஞ்சிரும்.

டீக்கடைக்குப் போயி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன். கண்ணுல மரத்தூள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கல்லுக்குழிக்கு பஸ் இல்லை, மரக்கடைக்காரர் காரை எரவல் வாங்கிட்டுப் போனோம். இன்னைக்கு முதல் தடவையா இருநூறு. மானம் போச்சு.

ஒரு குண்டும் காயிதத்துலயே இல்லை. எல்லாம் பின்னாடி மண்ணுல. அம்பதுக்குச் சரியா இருக்கற குண்டு இருநூறு போறதுக்குள்ள ஒரு ஆள் ஒசரம் எறங்கிருது. ஸ்கோப்புல திருகற திருகு அவ்வளவு தூரம் போகாது. அது எனக்குத் தெரிஞ்சிருக்கணும். தாங்கிக்கு அடியில ஒரு ஆப்பு வெச்சு ஸ்கோப்போட மூக்கைக் கொஞ்சம் குனிய வெச்சா, அதுல பாத்துக் குறி வெக்கறப்ப குழல் தானா நிமுந்துக்கும். கார் டிக்கியில கெடந்த தகட்டை மடிச்சு வெச்சுப் பாத்தோம். காயிதத்துக்கு வந்துச்சு. ஆனா எல்லாம் ஒரு சாண் இடது பக்கம்.

அப்ப எனக்கும் அவளுக்கும் ஒரண்டை. நான் தாங்கி கோணலான்னு பாக்கறேன், அவ காத்துங்கறா. கடைசியில பிடிபட்டுச்சு. ஸ்கோப்பு இடது பக்கம் தள்ளி இருக்குது, அது பாக்கற கோடும் குண்டு போற கோடும் அம்பது மீட்டர்ல ஒண்ணு சேர்ற மாதிரி வெச்சிருந்தேன். சேந்த கோடு அங்கயே நின்னுருமா? ஒண்ணையொண்ணு தாண்டிப் போயி அந்தப் பக்கம் விலகத்தானே செய்யும். அவளுக்குத்தான் முதல்ல தோணுச்சு. சேர்ற எடத்தை இருநூத்துக்குத் தள்ளி வைங்க, கிட்டத்துல எப்படிப் போனா நமக்கென்னன்னா.

வாஸ்தவந்தான். அவகிட்டச் சொல்லலை, இங்க எழுதறேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஆப்பைப் பித்தளையில பண்ணி மாட்டியாச்சு. இன்னைக்கு இருநூறுல அஞ்சும் என்ற உள்ளங்கைக்குள்ள அடங்குச்சு. தேவசகாயம் சார் தூரப் பார்வைக் குழாயில பாத்துட்டு, போட்டிக்குப் பேரு எழுதிக்கட்டுங்களாம்மான்னாரு. வேடிக்கை பாக்கச் சொன்னவரு!

அவ ஒண்ணுக்கு நாலு வகைக் குண்டு வாங்கிச் சுட்டுப் பாத்து ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா. ஒரே பேரு போட்ட டப்பாவா இருந்தாலும் அந்தந்த மாசம் பண்ணுனது வேற வேற மாதிரி போகுமாம். புடிச்ச மாசத்து டப்பாவைத் தனியா எடுத்து வெச்சிருக்கறா.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போல எண்ணெயும் துணியும் எடுத்துட்டு உக்காந்தேன். அழுக்கைப் பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது. சுவாதி சின்னப் புள்ளையில ஸ்கூல் விட்டு வந்தா முதல்ல என்ற கண்ணுல படாம ஓடுவா. சாந்தாமணி துணியைப் பிடுங்கிட்டா. போட்டி முடியற வரைக்கும் குழலுக்குள்ள கை வெக்கக்கூடாதுன்னா. குண்டுல இருக்கற மெழுகும் ஈயமும் உள்ள படிஞ்சு படிஞ்சுதான் ஒரே சீரா போகுதாம்.

"தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டா முதல் தோசை வருமாங்க? பிச்சுக்கிட்டுத்தானே வரும்? அதேதான். கழுவுனா மறுக்கா பத்து இருபது சுட்டாத்தான் பழகும்."

சரின்னேன். வெளிப்பக்கம் மட்டும் தொடைச்சேன்.

செப்டம்பர் 23, செவ்வாய்

காலண்டர் தேதிக்குக் கீழ பொடி எழுத்துல ராகு காலம் எமகண்டம் போட்டிருக்கும். அதைத் தூர நின்னு படிக்கச் சொன்னேன். எதுக்குன்னா. கண்ணாடி எடுக்கச் சோம்பேறித்தனம்னேன். படிச்சா. கண்ணாடி என்ற நெத்தி மேலதான் இருந்துச்சு, அதையும் சொன்னா.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூசை

காலையில இருந்து பட்டறை கழுவல். உளி, எழைப்புளி, வாள், வைஸ், மிசின் எல்லாத்தையும் தொடைச்சு எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சு, பொரி கடலை படைச்சாச்சு. வருசத்துல இந்த ஒரு நாள்தான் எனக்கு எல்லாம் கண்ணுக்கு லட்சணமா இருக்கும்.

வீட்டுல பூசைக்குத் துப்பாக்கியையும் வெக்கணும்னு நான்தான் சொன்னேன். குண்டைச் சுடற போல்ட்டைக் கழட்டி எடுத்துட்டு, துப்பாக்கியைக் குடுத்துட்டு அவ சுண்டல் தாளிக்கப் போயிட்டா. கட்டையைத் தொடைச்சேன், தாங்கியைத் தொடைச்சேன். குழல் வாயில ஒரு கருப்பு. சாமி முன்னாடி வெக்கறதை எப்படி அந்த அழுக்கோட வெக்கறது? எண்ணெய்த் துணியை ஒரு தடவை விட்டு இழுத்தேன். கரியா வந்துச்சு. கரியைக் கண்ணால பாத்த பொறகு விட முடியுமா? துணி வெள்ளையா வர்ற வரைக்கும் இழுத்தேன். இப்ப உள்ள பாத்தா கண்ணாடியாட்டம் மின்னுது. அவகிட்டச் சொல்லலை. சொல்ற அளவுக்கு ஒண்ணுமில்லை.

எல்லாத்துக்கும் போல துப்பாக்கிக்கும் பொட்டு வெச்சேன். பட்டறை நல்லா ஓடணும்னு கும்பிட்டேன். வேற ஒண்ணும் கேக்கலை.

அக்டோபர் 3, வெள்ளி

நேத்து விசயதசமி, பூசை கலைச்சு எல்லாம் எடத்துக்குப் போயாச்சு. போட்டி ஏற்பாடு நடக்கறதால கல்லுக்குழியும் கிளப்பும் ஞாயிறு வரைக்கும் யாருக்கும் இல்லையாம். அவ வீட்டுலயே பாயில படுத்து வெறுமனே குறி பாத்துப் பழகறா.

அந்தத் தோசைக்கல்லு விசயம் மனசுல ஓடிட்டே இருக்குது. ஒரு துணி போனதுல என்ன ஆயிரப் போகுது? சொல்லலாம்னு ரெண்டு தடவை ரூம் வாசல் வரைக்கும் போனேன். பதட்டப்படுவா. ஞாயித்துக்கெழமை நல்லா தூங்கி எந்திரிச்சுப் போகணும்.

அக்டோபர் 5, ஞாயிறு

நடந்ததை வரிசையா எழுதறேன்.

கல்லுக்குழியில பதினாலு பேரு வந்திருந்தாங்க. இவ ஒருத்திதான் பொம்பளை. முதல்ல பழகறதுக்கு ரெண்டு குண்டு, அதுக்கு மார்க் இல்லை. பொறகு பத்து, அதுக்கு மார்க். வேடிக்கை பாக்கறவங்க கயித்துக்குப் பின்னாடி வாயைத் தெறக்காம நிக்கணும். சுடறவங்ககிட்ட யாரும் பேசக்கூடாது. தேவசகாயம் சார் ரெண்டு தடவை சொன்னாரு, ரெண்டாவது தடவை என்னையப் பாத்துட்டே சொன்னாரு.

காத்து கொஞ்சந்தான். மஞ்சள் கொடி லேசா ஆடுச்சு. சாந்தாமணி படுத்தா, கன்னம் கட்டையில போயி உக்காந்துச்சு. முதல் குண்டு. பக்கத்துல ஒருத்தர் தூரப் பார்வைக் குழாயில பாத்துட்டு முணுமுணுத்தாரு, மேல போயிருச்சு, வட்டத்துக்கு வெளியன்னு. அவ திருகைத் தொடலை. ரெண்டாவது குண்டு. அது கீழ, வலது பக்கம் காயிதத்தோட ஓரத்துல. ஒண்ணு வடக்கு, ஒண்ணு தெக்கு.

அவ துப்பாக்கியைக் கீழ வெச்சா. இடது கண்ணைப் பொறங்கையில தேச்சா. மறுக்கா ஸ்கோப்புல பாத்தா. மறுக்கா தேச்சா. அப்பறம் தலையைத் தூக்கி அந்தக் காயிதம் இருக்கற பக்கம் வெறுங்கண்ணால பாத்துட்டே இருந்தா. அவ பாத்த விதம் எனக்குத் தெரியும். ஏப்ரல்ல ஆஸ்பத்திரி வராந்தாவுல எதுக்க இருந்த செவுத்தை அப்படித்தான் பாத்தா.

பஸ்ல அவ சொன்னது அத்தனையும் என்ற காதுல கேட்டுச்சு. குண்டு சொல்லிரும்னாளே. இப்பச் சொல்லிருச்சுன்னு நெனைச்சுட்டா. இடது கண்ணும் போகுதுன்னு. கண்ணுல ஒண்ணும் இல்லை, கோளாறு பண்ணுனது என்ற கையி. இத்தனை பேருக்கு நடுவுல அவ ஒத்தையாளா படுத்துட்டு, இனி இருட்டுத்தான்னு முடிவு பண்ணிட்டு இருக்கறா.

கையைத் தூக்குனா. விலகிக்கறேன்னு சொல்றதுக்கு அதுதான் அடையாளம்.

நான் கயித்தைத் தாண்டிட்டேன்.

"அம்மிணி, தோசைக்கல்லைக் கழுவிட்டேன்!"

கல்லுக்குழியாச்சே, நாலு பக்கமும் எதிரொலிச்சுது. எல்லாரும் திரும்பிட்டாங்க. தேவசகாயம் சாரு எல்லாரையும் நிறுத்தச் சொல்லி ஊதல் ஊதிட்டு ஓடியாந்தாரு. என்னய்யா தோசைக்கல்லு, குடிச்சிருக்கறயான்னு மட்டும் கேக்கலை, மூஞ்சியில அதுதான் இருந்துச்சு. நான் அவரைப் பாக்கலை. பூசை அன்னைக்கு, வெள்ளையா வர்ற வரைக்கும், உன்ற கண்ணுல ஒண்ணுமில்லைன்னு துண்டு துண்டா என்னமோ சொல்லிட்டு இருந்தேன். அதுக்குள்ள ரெண்டு பேரு என்ற தோளைப் புடிச்சுட்டாங்க.

சாந்தாமணி திரும்பிப் பாக்கலை. தூக்குன கையை எறக்குனா. கட்டையில நெத்தியை வெச்சுக் கவுந்துட்டா. முதுகு குலுங்குச்சு. அழுதாளா சிரிச்சாளான்னு என்னால கண்டுபிடிக்க முடியலை.

என்னைய வெளிய அனுப்பிட்டாங்க. நியாயந்தான். தகரக் கொட்டாய்க்கு அந்தப் பக்கம், கார் நிறுத்தற எடத்துல வேலிக்காத்தான் நெழல்ல நின்னேன். அங்கிருந்து ஒண்ணும் தெரியாது. சத்தம் மட்டுந்தான் கேக்கும். பதினாலு பேரு சுடறதுல அவளுது எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது? ஆனா அவ எப்பவும் ஒரு குண்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல நெம்ப நேரம் எடுத்துக்குவா. எல்லாரும் முடிச்ச பொறகும் தனியா ஒரு துப்பாக்கி நிறுத்தி நிறுத்திச் சுட்டுட்டு இருந்துச்சு. அதைக் கேட்டுட்டு நின்னேன். அப்பச் சாமியைக் கும்பிட்டேன், அதை எழுதறதுல எனக்கு வெக்கம் இல்லை.

முடிச்சு வந்தா. கையில காயிதத்தைச் சுருட்டி வெச்சிருந்தா. கார் மேல விரிச்சுக் காட்டுனா. முதல் நாலு குண்டு சொந்தக்காரங்க சண்டை போட்டுப் பிரிஞ்ச மாதிரி ஆளுக்கொரு பக்கம். அஞ்சாவது உள்ள வந்திருக்குது. ஆறும் ஏழும் இன்னும் கிட்ட. கடைசி மூணும் கருப்பு வட்டத்து நடுவுல, மேல என்ற கட்டை வெரலை வெச்சா மூணும் மறைஞ்சிருச்சு. அந்த வெரலை அங்கயே வெச்சுட்டு நின்னேன், எடுக்கத் தோணலை.

பதினாலு பேர்ல பதினொண்ணாவது. என்னைய ஒரு வருசத்துக்கு ரேஞ்சுக்குள்ள விடக்கூடாதுன்னு தீர்ப்பு. தேவசகாயம் சார் அதைச் சொல்லிட்டு, எங்க வீட்டுலயும் அந்தக் கல்லை நான் ஒரு தடவை கழுவிட்டேனுங்க, ஒரு வாரம் உப்புமாதான்னு சொல்லிட்டுப் போனாரு.

கார்ல வர்றப்ப திட்டுவான்னு காத்துட்டு இருந்தேன். திட்டுனா தேவலைன்னு இருந்துச்சு.

"ரெண்டு குண்டுக்குள்ள நான் எல்லாத்தையும் யோசிச்சு முடிச்சுட்டேனுங்க," அப்படின்னா. "வேலையை எழுதிக் குடுக்கறது, சுவாதிகிட்ட எப்படிச் சொல்றது, அடுப்புல எந்த டப்பா எங்கன்னு தடவிப் பழகறது. எல்லாம். கடைசியா, உங்க மூஞ்சியை ஒழுங்கா ஒரு தடவை பாத்து வெச்சுக்கணும்னு நெனைச்சேன். அப்பத்தான் தோசைக்கல்லுன்னு கத்துனீங்க."

சிக்னல் விழுந்துச்சு. பச்சை ஆன பொறகும் நான் வண்டியை எடுக்கலை. பின்னாடி எல்லாம் ஹாரன் அடிச்சாங்க.

அக்டோபர் 7, செவ்வாய்

கண்ணாஸ்பத்திரி. சொட்டு மருந்து ஊத்தி உக்கார வெச்சாங்க, பொட்டியில மூஞ்சியை வெக்கச் சொன்னாங்க. இடது கண்ணு நல்லா இருக்குது. ஆறு மாசம் கழிச்சு வரணும். டாக்டர் சொன்னப்ப சாந்தாமணி, தெரியுமுங்கன்னா. அவரு எப்படிம்மான்னாரு. இவ பையில இருந்து அந்தக் காயிதத்தை எடுத்து மேசை மேல விரிச்சா. டாக்டர் ரெண்டு நிமிசம் அதையே பாத்துட்டு இருந்தாரு. ஆனா ஆறு மாசம் கழிச்சு கட்டாயம் வரணும்னாரு.

ஆறு மாசத்துக்கு ஆறு மாசம் இதே பயந்தான் இனிமேல். இருக்கட்டும். இப்போதைக்கு நல்லா இருக்குது. வர்ற வழியில நெய் ரோஸ்ட் சாப்பிட்டோம். பஸ் நம்பர் எதுவும் கேக்கலை.

அக்டோபர் 8, புதன்

காலையில பட்டறைக்குக் கெளம்பறப்ப சாந்தாமணி துப்பாக்கியை எடுத்து வெச்சுட்டு, இங்க வாங்கன்னு கூப்பிட்டா. போனேன்.

ஆயுத பூசைக்கு எத்தனை பொட்டு வெச்சீங்கன்னு கேட்டா. எல்லாத்துக்கும் ஒண்ணுன்னேன். ஸ்கோப்புல கண்ணு வெக்கற பக்கம் திருப்பிக் காட்டுனா. காஞ்ச சந்தனம் இன்னும் ஒட்டிட்டு இருந்துச்சு. "இங்க மட்டும் ஏனுங்க மூணு?"

கை தவறியிருக்கும்னேன்.

சரிங்கன்னா. அடுத்த வருசம் பொட்டோட நிறுத்திக்கங்க, உள்ள கை விடாதீங்கன்னா. அப்பறம் பூசை ரூமுக்குள்ள போயி, பூசைக்குக் கொழைச்சதுல மிஞ்சிக் கெட்டியா போன சந்தனத்துல தண்ணி விட்டுக் கொழைச்சுட்டு வந்தா. என்ற நெத்தியில சந்தனம் வெச்சு, அதுக்கு நடுவுல குங்குமம் வெச்சா.

"எனக்கு வேலை செஞ்ச எல்லாத்துக்கும் பொட்டு வெச்சாச்சு. இது ஒண்ணுதானுங்க பாக்கி."

நேரமாச்சுன்னு சொல்லிட்டு வண்டியை எடுத்தேன். மத்தியானம் அறுப்பு மிசின்கிட்ட நிக்கறப்ப வேர்வையில கரைஞ்சு மூக்கு வரைக்கும் எறங்குச்சு.

தொடைக்கலை.